வேலைத்தளத்தில் ரெஸ்பிரேட்டர் பழக்குவது: திருகோணமலையில் புதிதாகப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு

வேலை முடிந்து ரெஸ்பிரேட்டரை, அதாவது தூசையும் ஆவியையும் தடுக்கும் மாஸ்க்கை, கழற்றும் ஒருவரிடம் அதை வாங்கி உள்பக்கத்தைப் பாருங்கள். மூக்குத்தண்டின் ஓரமாக, பென்சிலால் இழுத்ததுபோல் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தால், நாள் முழுக்கத் தூசு அந்த வழியால்தான் உள்ளே போயிருக்கிறது. மாஸ்க்கின் வடிகட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். ஓரம் முகத்தில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். காற்று எப்போதும் இலகுவான பாதையைத்தான் எடுக்கும். தடித்த வடிகட்டியைத் தாண்டுவதைவிட மூக்கோரத்து இடைவெளியால் நுழைவது அதற்குச் சுலபம். பயிற்சி என்று நாம் செய்வதில் முக்கால்வாசி அந்த இடைவெளியை மூடப் பழக்குவதுதான்.

திருகோணமலையில் எல்லாருக்கும் ஒரே மாஸ்க் சரிவராது. சீனக்குடாப் பக்கம் கோதுமை மாவும் சீமெந்தும். புல்மோட்டையில் கனிய மணல். கந்தளாய், தம்பலகாமப் பக்கம் அரிசி ஆலை உமித்தூசு. கரையோரம் எங்கும் பைபர் வள்ளம் கட்டுவதும் ஒட்டுவதும். நிலாவெளி, உப்புவெளியில் ஹோட்டல் கட்டுமிடங்களில் டைல் வெட்டு. இவற்றில் சில தூசு, சில ஆவி, சில இரண்டும்.

முதலில் வேலையைப் பாருங்கள்

வகுப்புக்கு நாள் குறிக்குமுன் ஒரு முழு நாள் வேலைத்தளத்தில் நில்லுங்கள். யார், எந்த வேலையை, எத்தனை நிமிடம் செய்கிறார், காற்றில் என்ன கலக்கிறது, அவர் கண்ணாடி, தலைக்கவசம் போடுகிறாரா என்று கொப்பியில் எழுதுங்கள். பெயின்ற், ரெசின், தினர் வாளிகளின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பாதுகாப்புத் தரவுத்தாளை விற்றவரிடம் கேட்டு வாங்கலாம்.

எழுதி முடித்ததும் மாஸ்க்கை மறந்துவிட்டு ஒரு கேள்வி: இந்தத் தூசைக் கிளம்பாமல் செய்ய முடியாதா? டைலையும் கருங்கல்லையும் தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசில் பெரும்பங்கு சேறாகக் கீழே விழும். சீமெந்துத் தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் நனைத்து வழிக்கலாம். வள்ளத்தைக் கொட்டிலுக்குள் ஒட்டாமல் காற்றோட்டமான பக்கம் இழுத்துவைக்கலாம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தூசு, புகை பற்றிய பொறுப்பை ஆலை நடத்துபவர்மேல்தான் வைக்கிறது. இவ்வளவும் செய்தபிறகு காற்றில் மிஞ்சுவதற்குத்தான் மாஸ்க். இந்த வரிசையை முதலாளியிடம் எடுத்துச் சொல்லாமல் வகுப்பை மட்டும் நடத்திவிட்டு வந்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள்.

தூசுக்கு ஒன்று, ஆவிக்கு வேறு

தூசு என்பது சின்னத் திண்மத் துணுக்கு. அதை நார் வடிகட்டி பிடிக்கும். அமெரிக்கத் தரமான என்95 சோதனைத் துணுக்குகளில் குறைந்தது 95 வீதத்தையும், ஐரோப்பியத் தரங்களில் எஃப்.எஃப்.பி.2 குறைந்தது 94 வீதத்தையும், எஃப்.எஃப்.பி.3 குறைந்தது 99 வீதத்தையும் தடுக்க வேண்டும். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன், தினர் ஆவி, அமோனியா எல்லாம் வாயு. என்95 நாருக்குள்ளால் அவை தடையில்லாமல் நுழைந்து வரும். அவற்றுக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும். வள்ளம் தேய்க்கிறவர் பைபர் தூசுக்குப் போட்ட வெள்ளை மாஸ்க்கோடேயே பின்னேரம் ரெசின் பூசப் போவது அடிக்கடி நடக்கும் பிழை. தலையிடியோடு வீட்டுக்குப் போய், “வெயில் ஏறிட்டுது” என்பார்.

முகத்தில் கட்டும் சாரத்துணி, சால்வை, கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கும் நீல சத்திரசிகிச்சை மாஸ்க் எதுவும் இந்தக் கணக்கில் வராது. காதில் கொளுவும் பட்டியுள்ள மாஸ்க்குகளையும் தவிர்க்கச் சொல்வேன். காதுப் பட்டிக்கு முகத்தோடு இறுக்கிப் பிடிக்கும் வலு குறைவு.

கார்ட்ரிட்ஜின் நிறத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். காரணம், ஐரோப்பிய முறையும் அமெரிக்க முறையும் நிறத்தில் ஒத்துவருவதில்லை. ஐரோப்பிய முறையில் சேதன ஆவிக்கு (ரெசின், தினர் போன்றவற்றின் ஆவி) கபில நிறம், அமில வாயுவுக்கு மஞ்சள், அமோனியாவுக்குப் பச்சை, தூசுக்கு வெள்ளை. அமெரிக்க முறையில் சேதன ஆவிக்குக் கறுப்பு, அமில வாயுவுக்கு வெள்ளை, இரண்டும் சேர்ந்ததற்கு மஞ்சள், அமோனியாவுக்குப் பச்சை, உயர்ந்த தூசு வடிகட்டியான பி100க்கு மஜெந்தா. ஒரே களஞ்சியத்தில் இரண்டு முறைப் பெட்டிகளும் கிடந்தால், “வெள்ளை தூசுக்குத்தானே” என்று எடுத்தவர் அமில வாயுக் கார்ட்ரிட்ஜைப் போட்டிருப்பார். நிறத்தைப் பார்த்த பிறகு எழுத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு தளத்தில் ஒரே முறையை மட்டும் வாங்குவது இன்னும் நல்லது.

அமெரிக்க விதியின்படி சரியாகப் பொருந்திய அரைமுக மாஸ்க்குக்கு 10, முழுமுக மாஸ்க்குக்கு 50 என்று பாதுகாப்புக் காரணி கொடுக்கிறார்கள். வெளிக்காற்றில் உள்ளதைப் பத்தில் ஒன்றாக, ஐம்பதில் ஒன்றாகக் குறைக்கும் என்று பொருள். ஒட்டாத மாஸ்க்குக்கு இந்த எண் எதுவும் பொருந்தாது.

யார் போடலாம்

மாஸ்க் வழியாக மூச்சிழுப்பது நெஞ்சுக்குக் கூடுதல் வேலை. ஆஸ்துமா, இதயநோய், கட்டுப்படாத பிரஷர், மூடிய இடத்தில் பதறும் சுபாவம் உள்ளவர்களை முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். உடல்நிலை பற்றிய கேள்வித்தாளை மேற்பார்வையாளர் கையால் நிரப்பவைக்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் இளைப்பு இருப்பவரும் “ஒண்டுமில்லை” என்றுதான் சொல்வார்.

தாடி பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. ஓரம் படும் இடத்தில் ஒருநாள் முள்முடி இருந்தாலே கசியும். மார்க்கத்துக்காகத் தாடி வைத்திருப்பவர் இருப்பார், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு வளர்ப்பவர் இருப்பார். பத்துப்பேர் முன்னால் “சேவ் எடுத்துட்டு வாங்க” என்றால் அந்த வகுப்பு அத்தோடு முடிந்தது. தனியாகக் கூப்பிட்டு, “அண்ணன், உங்களுக்கு வேற மாதிரி ஒண்டு இருக்கு, பார்ப்பமா?” என்று தொடங்குங்கள். பற்றரி விசிறி வடிகட்டிய காற்றைத் தளர்வான தலைமூடிக்குள் தள்ளும் வகை தாடிக்கும் சரிவரும். அதற்குக் காரணி 25. விலை கூட. வாங்க வசதியில்லாத இடத்தில், சம்பளம் குறையாமல் தூசில்லாத வேலைக்கு அவரை மாற்ற முதலாளி முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும்.

மீசை ஓரத்தைத் தாண்டாவிட்டால் பிரச்சினை இல்லை. பொட்டும் திருநீறும் ஓரம் படாத இடத்தில் இருப்பதால் அவையும் பிரச்சினை இல்லை. தலையில் தேங்காயெண்ணெய் வழிந்தால் மேல்பட்டி வழுக்கிக் கீழே வரும், அதைச் சொல்லுங்கள். ஹிஜாப் அணிபவர்களுக்குப் பட்டி துணிக்குக் கீழே, தலையோடு இருக்க வேண்டும். துணி மாஸ்க்கின் ஓரத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே புகக்கூடாது. இதைப் பழக்க ஒரு பெண் உதவியாளரும் மறைவான அறையும் கண்ணாடியும் ஏற்பாடு செய்யுங்கள். பெண்களின் முகத்துக்குச் சிறிய அளவு மாஸ்க் இல்லாமல் வகுப்புக்குப் போகாதீர்கள்.

வெற்றிலை. வாய்க்குள் சீவலோடு மாஸ்க் போட்டால் தாடை ஆட ஆட ஓரம் திறந்து மூடும். துப்பக் கழற்றும்போது தூசுக் கை உள்ளே படும். இடைவேளையில் போடட்டும், வேலையில் வேண்டாம்.

வகுப்பு

ஒரு வகுப்புக்கு 6 முதல் 8 பேர். அதற்கு மேல் போனால் உங்கள் கண் எல்லார் மூக்கிலும் போகாது. தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் சேர்ந்த தளமென்றால் இரண்டு வகுப்பாக வையுங்கள். பாதி புரிந்து தலையாட்டுபவரைக் கண்டுபிடிக்க முடியாது.

தொடக்கத்தில் பேச்சைவிட ஒரு டோர்ச் உதவும். மூடிய அறையில் காய்ந்த டைல் ஒன்றை ஒரு நிமிடம் வெட்டுங்கள். நீங்களும் வெட்டுபவரும் மாஸ்க்கோடு, மற்றவர்கள் வெளியே. ஐந்து நிமிடம் விட்டு, யன்னலை மூடியபடி, கதவோரத்திலிருந்து டோர்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டுங்கள். பெரிய தூசு தரையில் இறங்கியிருக்கும். காற்று தெளிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் ஒளிக்கோட்டுக்குள் மினுமினுத்துக்கொண்டு நிற்பது மெல்லிய தூசு. சுவாசப்பையின் அடிவரை போகக்கூடியது அதுதான். கருங்கல்லிலும் டைலிலும் உள்ள சிலிக்கா சுவாசப்பையில் தழும்பை உண்டாக்கும், அது திரும்ப ஆறாது.

பிறகு ஆளுக்கொரு மாஸ்க். நீங்கள் போட்டுவிடாதீர்கள், அவர்களே போடட்டும். என்95 வகையென்றால் உள்ளங்கையில் மாஸ்க்கை ஏந்தி, பட்டிகள் கீழே தொங்க, நாடிக்கும் மூக்குக்கும் பொருத்தி, மேல்பட்டியை உச்சந்தலைப் பின்பக்கமும் கீழ்ப்பட்டியைக் காதுக்குக் கீழே பிடரியிலும் விட வேண்டும். பட்டிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் கன்னத்தில் மடிப்பு விழும். மூக்குத் தகட்டை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அமர்த்த வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் தகடு கூம்பாக மடிந்து, மூக்கின் இரு பக்கமும் கூடாரம்போல் இடைவெளி நிற்கும். முதலில் சொன்ன கோடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. எல்லாரையும் ஒருவரையொருவர் பார்க்கவைத்து, யாருடைய தகடு கூம்பாக நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வரும், மறக்கவும் மாட்டார்கள்.

அடுத்தது கசிவுச் சோதனை. இது ஒவ்வொரு முறை போடும்போதும், தேநீர் இடைவேளைக்குப் பிறகும்கூட, போடுபவரே செய்வது. ரப்பர் அரைமுக மாஸ்க்கில் இரண்டு உள்ளங்கைகளாலும் கார்ட்ரிட்ஜ்களை மூடி மெதுவாக மூச்சை இழுத்து 10 செக்கன் பிடிக்க வேண்டும். மாஸ்க் லேசாக உள்ளே அமுங்கி அப்படியே நிற்க வேண்டும். பிறகு வெளிமூச்சு வால்வை மூடி மெதுவாக ஊத, மாஸ்க் கொஞ்சம் உப்ப வேண்டும், ஓரத்தால் காற்று சீறக்கூடாது. பலம்கொண்டு இழுப்பவர் ஏமாறுவார்: கடும் இழுப்பில் ஒட்டாத மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டிவிடும். கண்ணில் காற்றுப் பட்டால் மூக்கோரம் கசிகிறது. பட்டியை இன்னும் இறுக்குவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, பலவேளை அதுவே ஓரத்தை வளைத்துக் கசிவைக் கூட்டும். கழற்றி, திரும்ப இருத்திப் போடச் சொல்லுங்கள்.

பொருத்தச் சோதனை

கசிவுச் சோதனையும் பொருத்தச் சோதனையும் ஒன்றல்ல. இந்த ஆளின் முகத்துக்கு இந்த மாதிரி, இந்த அளவு பொருந்துமா என்று வருடத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் பார்ப்பதுதான் பொருத்தச் சோதனை. உடம்பு மிகவும் மெலிந்தாலோ பருத்தாலோ, பல் கழற்றினாலோ இடையிலும் செய்ய வேண்டும். கீழே உள்ளது அமெரிக்க வேலைப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.134இல் உள்ள சக்கரீன் (இனிப்புக் கரைசல்) முறை. தலையை மூடும் உறை (தலைமூடி), இரண்டு தெளிப்பான், இரண்டு கரைசல் கொண்ட பெட்டியாகவே விற்கிறார்கள்.

சோதனைக்கு 15 நிமிடம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது: தேநீர், சிகரெட், வெற்றிலை எதுவும். முதலில் மாஸ்க் இல்லாமல் தலைமூடியை மட்டும் போட்டு, வாயை லேசாகத் திறந்து நாக்கைச் சற்று நீட்டி மூச்சுவிடச் சொல்லுங்கள். மெலிந்த கரைசலை 10 முறை அமுக்கித் தெளியுங்கள். இனிப்புத் தெரிந்தால் 10 என்று குறியுங்கள். தெரியாவிட்டால் இன்னும் 10, பிறகு இன்னும் 10. 30க்கும் தெரியாதவருக்குச் சக்கரீன் சரிவராது; கசப்புக் கரைசலான பிட்ரெக்ஸுக்குப் போங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் சோதனைக்கே பெறுமதி இல்லை. இனிப்பை உணராத நாக்கு எந்த ஓட்டை மாஸ்க்கையும் பாஸ் பண்ணிவிடும்.

வாயைக் கொப்பளிக்கவைத்து, மாஸ்க் போட்டு 5 நிமிடம் அப்படியே விடுங்கள். வேலையில் கண்ணாடி, தலைக்கவசம் போடுபவர் இப்போதும் அவற்றோடு நிற்க வேண்டும். தலைமூடியைப் போட்டு, கடும் கரைசலை முன்பு குறித்த அதே எண்ணிக்கையில் தெளியுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு 30 செக்கனுக்கும் அதில் பாதி. இதற்குள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக ஏழு செயல்: சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, தலையை இடம் வலம் திருப்பல், மேலும் கீழும் அசைத்தல், பேசுதல், இடுப்பை வளைத்துக் குனிதல், மறுபடி சாதாரண மூச்சு. பேசுவதற்கு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்று தமிழில் எண்ணும்போது தாடை நன்றாக ஆடும், நமக்கு அதுதானே வேண்டும். எந்த இடத்திலாவது இனித்தால் நிறுத்திவிட்டு, வேறு அளவு அல்லது வேறு மாதிரியோடு புதிதாகத் தொடங்க வேண்டும்.

தெளிப்பானின் துளையில் கரைசல் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது எல்லாரும் பாஸ் ஆவார்கள். வரிசையாக எட்டுப்பேரும் பாஸ் என்றால் சந்தோஷப்படுமுன் தெளிப்பானைக் கழுவிப் பாருங்கள். குறைந்தது 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். நோன்பு மாதத்தில் இந்த நாக்குச் சோதனையை வைக்காதீர்கள், பெருநாளுக்குப் பிறகு நாள் குறியுங்கள்.

கார்ட்ரிட்ஜ் எத்தனை நாள்

“மணம் வந்தால் மாற்றுவம்” என்பதை வகுப்பிலேயே ஒழித்துவிடுங்கள். மூக்கு பழகிப்போகும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் கார் பெயின்றில் உள்ள ஐசோசயனேற்று, மணம் தெரியுமுன்னரே தீங்கு செய்துவிடும். தயாரிப்பாளரின் அட்டவணை கிடைத்தால் அதைப் பின்பற்றுங்கள். அது இல்லாத இடத்தில் ஓஷா சொல்லும் கைக்கணக்கு ஒன்று உண்டு: ஆவியைத் தரும் திரவத்தின் கொதிநிலை 70 பாகை செல்சியசுக்கு மேலும், காற்றில் அதன் செறிவு 200 பி.பி.எம்.க்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு) கீழும் இருந்தால், சாதாரண வேலையில் சுமார் 8 மணித்தியாலம் தாங்கும். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டினால் அதில் பாதி. கடலோரம் மாரியில் இந்தப் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஸ்டைரீனின் கொதிநிலை 145 பாகை, ஆகவே இந்தக் கணக்கு அதற்குச் சரிவரும். தூரிகை கழுவும் அசிற்றோனுக்கு 56 பாகைதான். அது கரியில் நிலைத்து நிற்காது. இரவில் வேலை இல்லாத நேரத்திலும் கரிக்குள் மெல்ல நகர்ந்து, காலையில் முதல் மூச்சோடு வெளியே வரும். ஐரோப்பிய முறையில் இப்படிக் கொதிநிலை குறைந்தவற்றுக்கு ஏ.எக்ஸ். என்று தனி வகையே உண்டு. பொதி உடைத்த திகதியையும் நேரத்தையும் மார்க்கரால் கார்ட்ரிட்ஜிலேயே எழுதப் பழக்குங்கள். திறந்துவைத்த கார்ட்ரிட்ஜ் மேசையில் கிடந்தாலும் காற்றிலுள்ள ஆவியையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டேயிருக்கும், ஆகவே இறுகமூடும் பையில்தான் வைக்க வேண்டும். தூசு வடிகட்டிக்குக் கணக்கு வேறு: மூச்சிழுக்கக் கடினமானால், நனைந்தால், கிழிந்தால் மாற்ற வேண்டும்.

மாஸ்க்கோடும் இறங்கக்கூடாத இடம்

கார்ட்ரிட்ஜ் காற்றை வடிகட்டும், ஒட்சிசனைத் தராது. காற்றில் ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே போகும் இடத்தில் எந்த வடிகட்டி மாஸ்க்கும் உதவாது. கிணறு, எண்ணெய்த் தாங்கி, மலக்குழி, பலநாள் வள்ளத்தின் மீன் அறை எல்லாம் இந்தச் சாதி. தண்ணீர் இறைக்க எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கினால் காபனோரொட்சைட்டு நிரம்பும். சேதன ஆவிக் கார்ட்ரிட்ஜ் அதைத் தடுக்காது, மணமும் இராது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். நச்சு வாயு உள்ள இடத்திலும் சுடர் நின்று எரியும், பெற்றோல் ஆவி இருந்தால் வெடிக்கும். வாயு அளக்கும் மீற்றர், வெளிக்காற்று ஊதும் விசிறி, மேலே ஓர் ஆள், கயிறு, தேவையான இடத்தில் காற்றுச் சிலிண்டர் என்று இது வேறு பயிற்சி. இந்த வகுப்பில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உள்ளே ஒருவர் விழுந்தால் அவருக்குப் பின்னால் வெறுமனே இறங்காதே, வெளியே நின்று காற்றை ஊது, அம்புலன்ஸுக்கு 1990க்கு அடி. தூக்கப் போன தம்பியும் அண்ணனும் சேர்ந்து விழுவது இப்படித்தான்.

கழுவுதலும் தொங்கவிடுதலும்

ரப்பர் மாஸ்க்கிலிருந்து கார்ட்ரிட்ஜையும் வால்வுகளையும் கழற்றி, 43 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் மென்மையான சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும். வேறொருவர் போடப் போகிறார் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1 மில்லிலீற்றர் வீட்டு பிளீச் கலந்து 2 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். நிழலில் உலரட்டும், வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும். கார்ட்ரிட்ஜைத் தண்ணீரில் தோய்ப்பவர் எந்தத் தளத்திலும் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது வெளிமூச்சு வால்வின் மெல்லிய ரப்பர் வட்டத்தை விரலால் தூக்கிப் பாருங்கள். அதன் கீழே ஒரு தலைமயிரோ மணற்பொடியோ கிடந்தால், இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு வரும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மாஸ்க்குக்குள் வியர்வை ஊறி ஓரம் வழுக்கும். தூசில்லாத நிழலான ஓரிடத்தை ஒதுக்கி, மணிக்கொருமுறை அங்கே கழற்றி முகம் துடைத்துத் தண்ணீர் குடிக்கவிடுங்கள். இடைவேளை கொடுக்காத தளத்தில் மாஸ்க் நெற்றிக்கு ஏறும்.

இரண்டு கிழமை கழித்துச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். சுவரில் ஆணியில் பட்டியால் தொங்குகிறதா? தொங்கினால் பட்டி இழுபட்டு முகவளைவும் கோணும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி கொடுங்கள். கார்ட்ரிட்ஜில் திகதி இருக்கிறதா? கடைசியாக ஒவ்வொரு மாஸ்க்கின் உள்பக்கமும். ஒரே ஆளின் மாஸ்க்கில் மூக்கின் அதே பக்கத்தில் கோடு மறுபடி விழுந்திருந்தால் அவரைத் திட்டாமல், வேறு அளவொன்றை எடுத்துக்கொண்டு பொருத்தச் சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.